பழைய வீ.எச்.எஸ். நாடாக்களை இலக்கமுறைக்கு மாற்றுதல்: படக் குறைபாடுகளும் சீர்செய்தலும்

மாணவர்களே, உங்களிற் பலரது வீட்டு அலுமாரிகளில் கறுப்பு நிறப் பெட்டி வடிவிலான வீடியோ நாடாக்கள் இன்னும் இருக்கக்கூடும். பெற்றோரின் திருமணம், மூத்தவரின் பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா எனக் குடும்பத்தின் அசையும் படங்கள் அவற்றிலேயே உள்ளன. அவற்றை இயக்கும் 'டெக்' இப்போது கடைகளிற் புதிதாகக் கிடைப்பதில்லை. ஜப்பானிய நிறுவனமான பூனாய் 2016 யூலையில் தனது உற்பத்தியை நிறுத்தியதோடு புதிய வீ.எச்.எஸ். டெக்குகளின் காலம் முடிந்தது. ஆகவே நாடாவிலுள்ள படத்தைக் கணினிக் கோப்பாக மாற்றுவது பயனுள்ள ஒரு செய்முறைத் திறன் ஆகும்.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• நாடாவிற் படம் பதியும் விதத்தை விளக்குவீர்கள்.
• திரையிற் காணும் குறைபாட்டைக் கொண்டு அதன் காரணத்தை இனங்காண்பீர்கள்.
• ஒவ்வொரு குறைபாட்டையும் எந்தப் படியிற் சீர்செய்ய வேண்டும் எனத் தீர்மானிப்பீர்கள்.

1. நாடாவிற் படம் பதியும் விதம்

வீ.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் 12.7 மில்லிமீற்றர். அதன் ஒரு பக்கத்தில் காந்தத் துணிக்கைகள் பூசப்பட்டிருக்கும்.

டெக்கினுள் 62 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருளை சற்றுச் சாய்வாகச் சுழல்கிறது. இலங்கையிற் பயன்படும் பால் முறையில் இது நிமிடத்துக்கு 1500 தடவை, அதாவது செக்கனுக்கு 25 தடவை சுழலும். உருளையில் எதிரெதிராக இரண்டு காந்தத் தலைகள் உள்ளன. நாடாவோ செக்கனுக்கு ஏறத்தாழ 23.4 மில்லிமீற்றர் வீதம் மெதுவாகவே நகரும். எனவே தலைகள் நாடாவின் மீது சாய்வான சுவடுகளை இடுகின்றன. ஒரு சுவட்டின் அகலம் ஒரு மில்லிமீற்றரின் 20இல் ஒரு பங்கு மட்டுமே.

ஒரு சுவடு அரைச்சட்டம் ஒன்றைக் கொண்டது. முதலாம் அரைச்சட்டத்தில் ஒற்றை வரிகளும் இரண்டாவதில் இரட்டை வரிகளும் இருக்கும். இரண்டும் பின்னிப் பிணைந்து ஒரு முழுச்சட்டம் உருவாகும். ஆகவே செக்கனுக்கு 50 அரைச்சட்டங்கள், 25 முழுச்சட்டங்கள். நாடாவின் ஒரு விளிம்பில் ஒலியும், மறு விளிம்பிற் கட்டுப்பாட்டுத் துடிப்புகளும் பதியப்படும். தலை எந்தச் சுவட்டின் மீது எப்போது செல்ல வேண்டும் என்பதை டெக்குக்கு உணர்த்துவன இத்துடிப்புகளே.

இவ்வளவு மெல்லிய சுவட்டிலிருந்து தலை சிறிது விலகினாலும், நாடா சிறிது இழுபட்டாலும், தூசி ஒன்று இடையில் வந்தாலும் அது திரையில் ஒரு குறைபாடாகத் தோன்றும் என்பது இதிலிருந்து தெளிவாகும்.

2. சீர்செய்தலின் அடிப்படை விதி

படம் நான்கு படிகளைக் கடந்து வருகிறது.

நாடா → டெக் → வயரிற் செல்லும் சைகை → கணினிக் கோப்பு

விதி: குறைபாடு எந்தப் படியில் தோன்றியதோ அந்தப் படியிலேயே அதைச் சீர்செய்ய வேண்டும். முடியாதபோது மட்டுமே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

தலை வாசிக்காமல் விட்ட வரியைக் கணினி அறியாது. மென்பொருள் அந்த இடத்தை அயலிலுள்ள படத்தைக் கொண்டு ஊகித்து நிரப்புமே தவிர, உண்மையான படத்தைத் தரமாட்டாது. பலர் நாடாவை எப்படியோ ஓடவிட்டுப் பதிந்துவிட்டுப் பின்னர் மென்பொருளிற் பல மணித்தியாலங்களைச் செலவிடுகின்றனர். டெக்கின் முன்னால் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் அவ்வேலையிற் பெரும்பகுதி தேவைப்பட்டிராது.

3. முதலாம் படி: நாடா

(அ) பதிவுத் தடுப்பு: நாடாப் பெட்டியின் முன் விளிம்பில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் துண்டு இருக்கும். அது இருந்தால் அதை உடைத்து நீக்குக. பின்னர் தவறுதலாகப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் நாடா அழியாது.

(ஆ) பூஞ்சணம்: பெட்டியின் கண்ணாடிப் பகுதியூடாகப் பார்க்கும்போது நாடாச் சுற்றின் மீது வெண்ணிறத் தூள் அல்லது புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சணம் ஆகும். எமது நாட்டின் ஈரப்பதன் மிகுந்த காலநிலையில் இது சாதாரணம். அத்தகைய நாடாவை டெக்கினுள் இடவே கூடாது. வித்திகள் தலையிலும் உருளையிலும் ஒட்டி அடுத்து இடும் நாடாக்களுக்கும் பரவும். மற்ற நாடாக்களிலிருந்து பிரித்து, ஈரமற்ற இடத்தில் உலரவைத்த பின்னர், அனுபவமுள்ளவர் மூலம் சுத்தம் செய்விக்க வேண்டும். கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

(இ) இறுக்கம்: பல ஆண்டுகள் அசையாதிருந்த நாடாவின் சுற்று சில இடங்களில் இறுகியும் சில இடங்களில் தளர்ந்தும் இருக்கும். பதிவதற்கு முன் ஒரு தடவை இறுதிவரை ஓட்டி மீளச் சுற்றுக. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த நாடாவைச் சில மணித்தியாலங்கள் வைத்த பின்னரே இயக்குக. இல்லையேல் அதன்மீது நீராவி ஒடுங்கி உருளையுடன் ஒட்டிக்கொள்ளும்.

4. இரண்டாம் படி: டெக்

(அ) இரைச்சற் பட்டை
அடையாளம்: படத்தின் குறுக்கே வெண்புள்ளிகள் நிறைந்த கிடைப் பட்டை நிற்கும் அல்லது மெல்ல நகரும்.
காரணம்: தலை தனக்குரிய சுவட்டிலிருந்து விலகி அயற்சுவட்டையும் தொடுகிறது. ஒரு டெக்கிற் பதிந்த நாடாவை வேறொரு டெக்கில் இயக்கும்போது இது பெரும்பாலும் நிகழும்.
சீர்செய்தல்: 'ட்ரக்கிங்' பொத்தானை இரு திசைகளிலும் மெதுவாக மாற்றி, பட்டை திரைக்கு வெளியே செல்லும் இடத்தில் நிறுத்துக. தானியங்கி ட்ரக்கிங் உள்ள டெக்காயினும் கண்ணாற் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். ஒரே நாடாவில் இரண்டு கமராக்களாற் பதிந்த பகுதிகள் இருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே சரிசெய்து பதிக. அப்படியும் பட்டை நீங்காவிடின் வேறொரு டெக்கில் முயல்க.

(ஆ) படம் முழுவதும் பனி
அடையாளம்: ஒலி தெளிவாகக் கேட்கும், படமோ புள்ளிமயமாகும் அல்லது மறையும்.
காரணம்: உருளையிலுள்ள தலையில் நாடாத் தூள் அடைத்துள்ளது. ஒலித்தலை வேறானது என்பதால் ஒலி பாதிக்கப்படவில்லை.
சீர்செய்தல்: மின்னிணைப்பைத் துண்டித்து மூடியைக் கழற்றுக. நாரற்ற மென்தோல் துண்டை அல்லது வெள்ளைத் தாளை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்து உருளையின் பக்கத்தில் அசையாமற் பிடித்து, உருளையைக் கையால் மெதுவாகச் சுழற்றுக. மேலும் கீழுமாகத் தேய்க்கக் கூடாது. பஞ்சு சுற்றிய குச்சியைப் பயன்படுத்தவும் கூடாது. நார் சிக்கினால் தலை உடைந்துவிடும். நன்றாக உலர்ந்த பின்னரே நாடாவை இடுக. பெரியவர் ஒருவரின் மேற்பார்வையிலேயே இதைச் செய்ய வேண்டும்.

(இ) உருளும் படம் அல்லது நிறமற்ற படம்
காரணம்: முறைமை வேறுபாடு. இலங்கை, இந்தியா, ஜேர்மனி ஆகியன 625 வரிகளும் செக்கனுக்கு 25 சட்டங்களும் கொண்ட பால் முறையைப் பின்பற்றின. கனடா, அமெரிக்கா ஆகியன 525 வரிகளும் ஏறத்தாழ 30 சட்டங்களும் கொண்ட என்.ரி.எஸ்.சி. முறையைப் பின்பற்றின. ரொறன்ரோவிலிருந்து உறவினர் அனுப்பிய திருமண நாடா இங்குள்ள டெக்கில் உருண்டோடியதற்குக் காரணம் இதுவே. நாடாவிற் குறைபாடு இல்லை.
சீர்செய்தல்: இரு முறைகளையும் இயக்கும் டெக்கைப் பயன்படுத்தி, கணினி மென்பொருளிலும் அதே முறையைத் தெரிவுசெய்க.

5. மூன்றாம் படி: சைகை

(அ) இணைப்பு: டெக்கிலிருந்து அன்ரனா வயர் மூலம் சைகையைப் பெறுவது மிகத் தாழ்ந்த தரம் தரும். மஞ்சள் ஏ.வி. வயர் அதைவிடச் சிறந்தது. எனினும் அதில் ஒளிர்வும் நிறமும் ஒரே வயரிற் கலந்து செல்லும். எஸ்-வீடியோ வயரில் அவை பிரிந்தே செல்லும். வீ.எச்.எஸ். நாடாவிலும் அவை வெவ்வேறு மீடிறன்களிற் பிரித்தே பதியப்பட்டிருப்பதால், டெக்கில் எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் அதையே பயன்படுத்துக.

(ஆ) நெளியும் கோடுகள்
அடையாளம்: கதவு நிலை, மணவறைத் தூண் போன்ற நிமிர்ந்த கோடுகள் நடுங்கும். சில நாடாக்களிற் படத்தின் மேற்பகுதி கொடிபோல ஒரு பக்கம் வளையும்.
காரணம்: நாடா இழுபடுவதாலும் உருளையின் வேகம் நுண்ணியதாக மாறுவதாலும் ஒவ்வொரு வரியும் தொடங்க வேண்டிய கணத்துக்குச் சற்று முன்போ பின்போ தொடங்குகிறது.
சீர்செய்தல்: ரி.பி.சி. எனப்படும் நேரச் சீராக்கி தேவை. இது ஒவ்வொரு வரியையும் நினைவகத்திற் சேமித்து, சரியான கணத்தில் வெளிவிடும். சில உயர்தர டெக்குகளில் இது உள்ளேயே இருக்கும். சில டீ.வி.டீ. பதிகருவிகளினூடாகச் சைகையைச் செலுத்தினாலும் ஓரளவு பயன் கிட்டும். பதிந்து முடித்த கோப்பில் சாதாரண மென்பொருளால் இக்குறைபாட்டைச் செம்மையாகத் திருத்த முடியாது. இது பாடத்தின் முக்கியமான இடம், கவனத்திற் கொள்க.

(இ) சட்டங்கள் விடுபடல்
அடையாளம்: வாய் அசைவுக்கும் ஒலிக்கும் இடைவெளி சிறிது சிறிதாகக் கூடிச் செல்லும்.
காரணம்: சைகை குழம்பும் இடங்களிற் கப்சர் கருவி சில சட்டங்களைத் தவறவிடுகிறது.
சீர்செய்தல்: முழுச்சட்டத்தையும் சீராக்கும் ரி.பி.சி.யைப் பயன்படுத்துக. டெக்கில் 'நீலத்திரை' வசதி இருந்தால் அதை நிறுத்துக. பதியும்போது கணினியில் வேறு வேலை செய்யாதிருக்க.

(ஈ) ஒளிர்வு மட்டம்: வெள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரியாமல் ஒரே வெண்மையாகத் தெரிந்தால் மட்டம் கூடிவிட்டது என்பது பொருள். பதியுமுன்னரே குறைக்க வேண்டும். வெண்மையில் மறைந்த மடிப்பு பின்னர் மீளாது.

6. நான்காம் படி: கணினி

பால் நாடாவை 720 × 576 புள்ளிகள், செக்கனுக்கு 25 சட்டங்கள் என்ற அளவில், அரைச்சட்டங்களைக் கலக்காமற் பதிக. வேர்ச்சுவல்டப் போன்ற இலவச மென்பொருளும் யூ.எஸ்.பி. கப்சர் கருவியும் இதற்குப் போதுமானவை.

கணித்தல்: ஒரு புள்ளிக்கு 2 பைற் எனின், சுருக்கப்படாத ஒரு மணித்தியாலப் படத்தின் அளவு யாது?
ஒரு சட்டத்திலுள்ள புள்ளிகள் = 720 × 576 = 414,720
ஒரு சட்டம் = 414,720 × 2 = 829,440 பைற்
ஒரு செக்கன் = 829,440 × 25 = 20,736,000 பைற்
ஒரு மணித்தியாலம் = 20,736,000 × 3,600 = 74,649,600,000 பைற்
அதாவது ஏறத்தாழ 74.6 கிகாபைற்.

இழப்பற்ற சுருக்கல் முறை இதனைக் கணிசமாகக் குறைக்கும். படத்தின் ஒரு புள்ளியும் மாறாது. இக்கோப்பே மூலக் கோப்பு ஆகும். திருத்தங்கள் யாவற்றையும் அதன் பிரதியிலேயே செய்க.

(அ) சீப்புப் பற்கள்: அசையும் கையின் விளிம்பில் சீப்பின் பற்கள் போன்ற கிடைக்கோடுகள் தெரியும். 1/50 செக்கன் இடைவெளியில் எடுக்கப்பட்ட இரண்டு அரைச்சட்டங்களைக் கணினித் திரை ஒரே நேரத்திற் காட்டுவதே காரணம். மென்பொருள் மூலம் ஒவ்வோர் அரைச்சட்டத்தையும் முழுச்சட்டமாக்கி, செக்கனுக்கு 50 சட்டங்களாக மாற்றுவதே சிறந்தது. அவிசிந்த் மென்பொருளில் இயங்கும் கியூ.ரி.ஜி.எம்.சி. இதற்குப் பெயர்பெற்றது. இரண்டையும் ஒன்றோடொன்று கலந்து மங்கலாக்குவது தவறான முறை. ஒருமுறை கலந்ததைப் பின்னர் செம்மையாகப் பிரிக்க இயலாது. படம் முன்னும் பின்னும் துள்ளினால் அரைச்சட்டங்களின் ஒழுங்கு மாறியுள்ளது. ஒழுங்கை மாற்றினாற் சரியாகும்.

(ஆ) வெண்கீறல்கள்: நாடாவின் காந்தப் பூச்சு உதிர்ந்த இடங்களில் கணநேரம் மின்னும் சிறு கோடுகள் இவை. மென்பொருள் முன்பின் சட்டங்களிலிருந்து அவ்விடத்தை நிரப்பும். அதற்கு முன் நாடாவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க. தூசியால் வந்த கீறலாயின் இரண்டாவது தடவை வராது.

(இ) நிறம் விலகல்: சிவப்புச் சேலையின் நிறம் அதன் விளிம்பைத் தாண்டிப் பரவியிருக்கும். கொப்பியிலிருந்து எடுத்த கொப்பியில் நிறம் கீழ்நோக்கியும் நகர்ந்திருக்கும். மென்பொருளில் நிறத்தை மட்டும் சில வரிகள் நகர்த்திப் பொருத்தலாம். முதற்பிரதி யாரிடமாவது இருக்கிறதா எனத் தேடுவது அதைவிடச் சிறந்தது.

(ஈ) அடிவிளிம்பிற் கிழிந்த கோடு: எல்லா வீ.எச்.எஸ். நாடாக்களிலும் உண்டு. ஒரு தலையிலிருந்து மறு தலைக்கு மாறும் இடம் அது. பழைய தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களை மறைத்ததால் முன்னர் நாம் அதைக் காணவில்லை. இது பழுது அன்று. கறுப்புப் பட்டையால் மறைத்தாற் போதும்.

7. சம்பவக் கற்கை

எங்கள் வீட்டில் இரண்டு நாடாக்கள் இருந்தன. ஒன்று 1996இல் நடந்த அக்காவின் சாமத்தியச் சடங்கு. அம்மம்மா அசைந்து பேசும் படம் அதில் மட்டுமே இருந்தது. 2010இல் அதை ஓரிடத்திற் கொடுத்து இறுவட்டாக்கினோம். இறுவட்டு கிடைத்ததும் நாடா இனித் தேவையில்லை என எண்ணி நாமே எறிந்துவிட்டோம்.

பின்னர் ஆறுதலாகப் பார்த்தபோது, படத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டை தொடர்ந்து நின்றது. அம்மம்மா பாயில் அமர்ந்து ஆரத்தித் தட்டை ஒழுங்குபடுத்தும் இடத்தில் அப்பட்டை அவரது முகத்தின் குறுக்கே செல்கிறது. அரைச்சட்டங்களும் கலக்கப்பட்டிருந்தன, அவர் திரும்பும்போதெல்லாம் முகம் இரண்டாகத் தெரிகிறது. பட்டையை நீக்க ட்ரக்கிங் பொத்தானைச் சிறிது திருப்பியிருந்தாற் போதும் என்பதை நான் பல ஆண்டுகளின் பின்னரே கற்றேன். இப்போது திருப்புவதற்கு நாடா இல்லை.

இரண்டாவது 1999இல் ரொறன்ரோவில் நடந்த மாமாவின் திருமணம். எங்கள் டெக்கில் நிறமின்றி உருண்டதால் 'பழுதான நாடா' என்று மூலையில் கிடந்தது. அதனாலேயே எறியப்படாமல் தப்பியது. பின்னர் இருமுறை டெக் ஒன்றை இரவல் பெற்று, தலையைச் சுத்தம் செய்து, பகுதி பகுதியாக ட்ரக்கிங் பார்த்துப் பதிந்தோம். மென்பொருளில் செய்ய வேண்டியிருந்தது மிகச் சிறிதே. நாடாவை இன்னும் வைத்திருக்கிறோம்.

முதல் நாடாவுக்கு நேர்ந்தவை மூன்று தவறுகள். அவை எவையென நீங்களே எழுதிப் பார்த்து, இறுதியிலுள்ள விடையுடன் ஒப்பிடுக.

8. நினைவிற் கொள்க

• நாடா, டெக், சைகை, கணினி என்ற ஒழுங்கிலேயே குறைபாட்டைத் தேடுக.
• தலை வாசிக்காததை மென்பொருள் மீட்காது, ஊகிக்கும்.
• நெளிவுக்கு ரி.பி.சி.; பட்டைக்கு ட்ரக்கிங்; பனிக்குத் தலைச் சுத்தம்; சீப்புப் பற்களுக்கு மென்பொருள்.
• மூலக் கோப்பை இரண்டு இடங்களிற் சேமிக்க.
• கோப்பு நன்றாக வந்தாலும் நாடாவை எறியாதீர்கள்.

9. மாதிரி வினாக்கள்

பகுதி I: பொருத்தமான விடையைத் தெரிவுசெய்க.

1. பால் முறை வீ.எச்.எஸ். டெக்கின் உருளை ஒரு நிமிடத்திற் சுழலும் தடவைகள்
(1) 25 (2) 50 (3) 1500 (4) 3000

2. ஒலி தெளிவாக இருக்கப் படம் மட்டும் பனிபோலத் தெரிந்தால் முதலிற் செய்ய வேண்டியது
(1) மென்பொருளில் இரைச்சல் நீக்கல் (2) உருளைத் தலையைச் சுத்தம் செய்தல் (3) நிறத்தை நகர்த்தல் (4) ஒளிர்வைக் கூட்டல்

3. மணவறைத் தூண் நெளிந்து தெரிவதைச் சீர்செய்ய உதவுவது
(1) ட்ரக்கிங் (2) கறுப்புப் பட்டை (3) அற்ககோல் (4) ரி.பி.சி.

4. பின்வருவனவற்றுட் பழுதாகக் கருதத் தேவையற்றது
(1) இரைச்சற் பட்டை (2) அடிவிளிம்பிற் கிழிந்த கோடு (3) வெண்கீறல் (4) பூஞ்சணம்

பகுதி II

1. 90 நிமிட நாடா ஒன்றைச் சுருக்காமற் பதியத் தேவையான இடத்தைக் கணிக்க. (4 புள்ளிகள்)
2. பூஞ்சணம் பிடித்த நாடாவை டெக்கினுள் இடக்கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் தருக. (2 புள்ளிகள்)
3. சம்பவக் கற்கையின் முதல் நாடாவுக்கு நேர்ந்த மூன்று தவறுகளையும், ஒவ்வொன்றும் எப்படியில் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பதையும் எழுதுக. (6 புள்ளிகள்)

விடைகள்

பகுதி I: 1–(3), 2–(2), 3–(4), 4–(2)

பகுதி II:
1. 90 நிமிடம் = 5,400 செக்கன். 20,736,000 × 5,400 = 111,974,400,000 பைற்; ஏறத்தாழ 112 கிகாபைற்.
2. வித்திகள் தலையிலும் உருளையிலும் ஒட்டும். அடுத்து இயக்கும் நாடாக்களுக்கும் பரவும்.
3. ட்ரக்கிங் சரிசெய்யாமற் பதிந்தமை: டெக் படி. அரைச்சட்டங்களைக் கலந்தமை: கணினிப் படி. கோப்பைப் பரிசோதிக்குமுன் நாடாவை எறிந்தமை: நாடாப் படி. மூன்றாவது தவறு நிகழாதிருந்தால் முதலிரண்டையும் இன்றும் திருத்தியிருக்கலாம் என எழுதுவோர் பாடத்தை நன்கு விளங்கியவராவர்.

செயற்பாடு: இவ்வார இறுதியில் உங்கள் வீட்டு நாடாக்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் யார் இருக்கிறார்கள், எந்த ஆண்டு, பூஞ்சணம் உண்டா என்பவற்றைப் பட்டியலிடுக. பெயர்கள் தெரியாவிடின் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.